கேட்கும் விலையும் கொடுத்த விலையும்

விலை வேறு, மதிப்பு வேறு என்பதை நாம் அனைவரும் அறிவோம். விலையைச் சந்தை சொல்லும். மதிப்பை மனம் சொல்லும். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மயங்கி நிற்கும் இடங்கள் பல உள. அத்தகைய இடங்களில்தான் மனிதனுடைய அறவுணர்வு சோதிக்கப்படுகிறது. இச்சோதனைக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் ரிவால்வர் எனப்படும் பழைய சுழல்துப்பாக்கி. அறிவுடைய ஒருவர் அதனை வாங்க எண்ணுகிறார் என்று கொள்வோம். விற்பவர் ஒரு தொகையைக் கேட்கிறார். அத்தொகைக்கு அது தகுமா? இதுவே வினா.

தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் இவ்வினாவால் என்ன பயன் எனச் சிலர் கேட்கலாம். பழைய குத்துவிளக்கு, பழைய சுவடி, பழைய நாணயம் ஆகியவற்றை வாங்குவதில் நமக்கு மனத்தடை எழுவதில்லை. துப்பாக்கியோ மனிதனைக் காயப்படுத்தவும் கொல்லவும் செய்யப்பட்டது. அதன் பழமைக்கு விலை பேசும்போது நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்ற கேள்வி மறைந்துகொள்ள இடமின்றி வெளியே வருகிறது. மேலும், மலாயாத் தமிழரின் வரலாற்றிலும் ஒரு கைத்துப்பாக்கி உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில் விலை மதிப்பிடுவோரின் முறையைப் பார்ப்போம். அம்முறையில் கற்கத்தக்க ஒழுங்கு இருக்கிறது. சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் 1836ஆம் ஆண்டில் தம் சுழல்துப்பாக்கிக்கு அந்நாட்டில் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல நாட்டுத் தொழிற்சாலைகளும் இலட்சக்கணக்கில் இவ்வகைத் துப்பாக்கிகளைச் செய்தன. ஆகவே பழமை ஒன்றினாலேயே ஒரு துப்பாக்கி விலையுயர்ந்ததாகிவிடாது. செய்தவரின் முத்திரை தெளிவாக உள்ளதா, சட்டத்திலும் சுழலும் உருளையிலும் பொறித்த எண்கள் ஒத்திருக்கின்றனவா, குழாயின் உட்புறம் அரிக்கப்படாமல் இருக்கிறதா, பிடியின் மரம் அல்லது கொம்பு முதலில் பொருத்தியதுதானா என்று ஒவ்வொன்றாக ஆராய்வர். தேய்ந்த துப்பாக்கியை மெருகிட்டுப் புதியதுபோல் ஆக்கினால் அதன் விலை கூடுவதில்லை, குறைகிறது. 1915இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட வெப்லி ஆறாம் வகைத் துப்பாக்கிகள் பலவற்றின் உருளைகளை, வேறு தோட்டா பொருந்துமாறு அமெரிக்காவில் பிற்காலத்தில் சீவிவிட்டனர். அவ்வாறு சீவப்பட்டவற்றை இன்று சேகரிப்போர் குறைவாகவே மதிக்கின்றனர். பொய்யான புதுமையைவிட உண்மையான தேய்மானம் மேலானது என்னும் இக்கொள்கையில் ஓர் அறமும் அடங்கியிருக்கிறது.

அடுத்தது அருமை. 1847இல் கோல்ட் செய்த 'வாக்கர்' வகைத் துப்பாக்கிகள் ஏறத்தாழ 1,100 மட்டுமே. அவற்றுள் சிறப்பாகப் பேணப்பட்ட ஒன்று 2018இல் அமெரிக்காவில் 18 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. இத்தொகை நமக்கு வியப்பைத் தரலாம். ஆனால் குற்றம் என்று சொல்ல இயலாது. வேலைப்பாட்டுக்கும் அருமைக்கும் வசதியுள்ளவர் ஒருவர் கொடுத்த விலை அது.

மூன்றாவது கூறு கதை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1881ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில், பில்லி தி கிட் எனப்பட்ட இளைஞனைப் பேட் கேரட் என்னும் காவல் அதிகாரி சுட்டுக் கொன்றார். அவர் பயன்படுத்திய கோல்ட் துப்பாக்கி 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிசில் 60 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அதே தொழிற்சாலையில் அதே காலத்தில் அதே இரும்பால் செய்யப்பட்ட மற்றொரு துப்பாக்கிக்கு இதில் மிகச் சிறு பகுதியே கிடைக்கும். மிகுதித் தொகை முழுவதும் ஓர் இரவில் நிகழ்ந்த ஒரு சாவுக்கு உரியது.

பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் 1873 சூலையில் பிரஸ்ஸல்ஸ் நகரில் தம் நண்பரும் கவிஞருமாகிய ராம்போவைச் சுட்டார். குண்டு மணிக்கட்டில் பாய்ந்தது. அத்துப்பாக்கி 2016இல் பாரிசில் 4,34,500 யூரோவுக்கு விற்கப்பட்டது. ஓவியர் வான்கோ 1890இல் தம்மைச் சுட்டுக்கொண்ட துப்பாக்கி எனக் கருதப்படும் ஒன்று, 2019இல் அதே நகரில் 1,62,500 யூரோவுக்குப் போயிற்று. பின்னதைப் பாருங்கள். அது வயலில் கிடந்து துருவேறிய இரும்பு. சுடவும் உதவாது, அழகும் இல்லை. ஓவியரின் உயிரைப் பறித்தது அதுவே என்பதற்கு உறுதியான சான்றும் கிடையாது. கண்டெடுத்த இடமும் குண்டின் அளவும் பொருந்துகின்றன என்பதே ஆதாரம். 'இருக்கலாம்' என்னும் ஒரு சொல்லுக்கு அத்தனை பணம் கொடுக்கப்பட்டது!

புறநானூற்றின் 95ஆம் பாட்டை மாணவருக்கு நடத்தும் ஆசிரியர் இங்கே ஒளவையாரை நினைக்காமல் இருக்க முடியாது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி அழகுபெற்று நின்ற ஆயுதங்களையும், அதியமானிடத்தில் போரில் சிதைந்து கொல்லன் உலைக்குச் சென்ற ஆயுதங்களையும் அவர் ஒப்பிட்டார். புகழ்வதுபோல் பழித்து, பழிப்பதுபோல் புகழ்ந்தார். அவர் கண்ட இருவகை ஆயுதங்களுக்கும் இன்றைய சந்தை விலை வைக்கிறது. கறைபடாததற்கு அதன் பளபளப்புக்காகவும், கறைபட்டதற்கு அதன் கறைக்காகவும் பணம் கொடுக்கிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஈப்போவிலிருந்து வடக்கே செல்லும் இரயில் பாதையில், எங்கள் தஞ்சோங் ரம்புத்தானைக் கடந்து சென்றால் வருவது சுங்கை சிப்புட். 1948ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரு நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 சூலை 31 வரை அது நீடித்தது. உரிமமின்றிச் சுடுகருவி வைத்திருந்தால் தூக்குத் தண்டனை என்று அவசரகால விதி கூறியது.

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளரும் நகரத் தொழிலாளரும் அறிந்த பெயர். 1949 மார்ச்சில் ரவாங் வட்டாரத்தில் அவர் பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன. காவல் துறையிடம் ஒப்படைப்பதற்காகவே அதனை எடுத்துச் சென்றதாக அவர் கூறினார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. உயிரைக் காக்க இந்திய அரசு வேண்டியும் பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் பூடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

சாம்பசிவம் என்னும் மற்றொரு தமிழரும் ஜொகூரில் இதே விதியின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டார். சுடுகருவி ஏந்தியது ஒரு குற்றச்சாட்டு. தோட்டாக்கள் வைத்திருந்தது இன்னொன்று. தோட்டாக்கள் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து அவர் முதல் விசாரணையில் விடுவிக்கப்பட்டார். மறுவிசாரணையில் சுடுகருவிக்காக மரணதண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. ஒருமுறை அளித்த விடுதலைத் தீர்ப்பு முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று கூறி, 1950இல் அத்தண்டனையை அம்மன்றம் நீக்கிற்று. அத்தீர்ப்பை உலகின் பல நீதிமன்றங்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. இருவர்மீதும் பாய்ந்தது ஒரே விதி. ஒருவர் தூக்குமேடை ஏறினார். ஒருவர் உயிர் பிழைத்தார்.

இப்போது ஓர் எண்ணத்தை முன்வைக்கிறேன். கணபதியிடமிருந்து கைப்பற்றப்பட்ட துப்பாக்கி ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு நாள் ஏலத்துக்கு வந்ததாகக் கொள்வோம். விற்பவர் அதன் கதையைச் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். அத்தொகைக்கு அது தகுமா?

இரும்பின் மதிப்பு சிறிது. செய்திறத்தின் மதிப்பும் சிறிது. எஞ்சியது ஒரு மனிதன் கொடுத்த உயிர். அவ்விலையைக் கொடுத்தவர் கணபதி. பெற விரும்புபவரோ வேறொருவர். தாம் தாங்காத இழப்புக்குத் தாம் விலை கேட்கும் உரிமை விற்பவருக்கு எங்கிருந்து வந்தது? சுங்கை சிப்புட்டில் துரைமார்களைக் கொன்ற ஆயுதங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். கொல்லப்பட்டவர் எந்த இனம், எந்தக் கட்சி, எந்தப் பக்கம் என்பதைக் கொண்டு இவ்வறம் மாறுவதில்லை. பொருள் வந்த வழி தீதற்றதா என்று பார்க்கச் சொன்ன வள்ளுவர், பொருள் செயல்வகையில் இதைத்தான் நமக்கு உணர்த்துகிறார்.

இதற்கு மறுப்புகள் உண்டு. விலை இருப்பதனால் அன்றோ பல அரும்பொருள்கள் அழியாமல் காக்கப்படுகின்றன என்பர். இதனை நான் மறுக்கவில்லை. துருவை நீக்கி, ஈரம் படாமல் வைத்து, ஆவணங்களைத் தேடிச் சேர்த்தவருடைய உழைப்புக்குக் கூலி உண்டு. அக்கூலியைக் கொடுப்பது கடமை. ஆனால் காவற்கூலி வேறு, குருதியின் விலை வேறு. இரண்டையும் ஒரே தொகையில் எழுதி நீட்டுவதே ஏலத்தின் சூழ்ச்சி.

மன்னர்களின் வாளை நாம் போற்றவில்லையா, காலம் கறையைக் கழுவிவிடாதா என்பது இன்னொரு மறுப்பு. காலம் ஓரளவு கழுவும். இழந்தவரை நினைத்து அழுவோர் ஒருவரும் இல்லாத காலத்தில் வாள் வெறும் வரலாறு ஆகிவிடுகிறது. ஆனால் 1949 அவ்வளவு தொலைவில் இல்லை. அக்காலத்தை வாழ்ந்து கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் மடியில் இருந்து கதை கேட்டவர்களும் உளர். நினைப்போர் உயிரோடிருக்கும்போது நினைவை ஏலத்தில் விடலாகாது.

மதுரைக் காந்தி நினைவு அருங்காட்சியகம், இராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்டது. 1948 சனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி தோய்ந்த ஆடை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன் மக்கள் குரல் தாழ்த்தி நிற்கின்றனர். அதற்கு விலைச்சீட்டு இல்லை. எவரும் கேட்பதும் இல்லை. கொன்ற கருவிக்கு முதலிடம் தராமல், கொல்லப்பட்டவரின் துணியைப் போற்றும் அம்முறையே நினைவுப் பொருள்களைப் பேணும் நேரிய முறை.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இது. வாங்க எண்ணுபவர் முதலில் நாட்டின் சட்டத்தைக் கேட்கட்டும். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் கேட்கிறது. 1971ஆம் ஆண்டின் சுடுகருவிச் சட்டமோ, உரிமையின்றி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. 'பழம்பொருள்தானே' என்று சொல்லி எவரும் துணிந்துவிட வேண்டா. சட்டம் இடந்தரும் நாட்டில் இருப்பவர் அடுத்ததாகத் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: இதன் கதையை நீக்கிவிட்டால் நான் எவ்வளவு கொடுப்பேன்? கதையைச் சேர்த்ததும் எவ்வளவு கூடுகிறது? கூடும் அத்தொகை எவருடைய இழப்புக்கு உரியது? அதைப் பெறுபவர் அவ்விழப்பைத் தாங்கியவரா? தாங்கியவர் அல்லர் என்றால், வேலைப்பாட்டுக்கும் அருமைக்கும் காவலுக்கும் உரியதைக் கொடுத்து நிற்கலாம். அதற்குமேல் ஒரு காசும் தகாது. கதையுடைய கருவி பொது அருங்காட்சியகத்தில், இரு பக்கத்து உண்மையும் எழுதிய பலகையோடு இருக்கத்தக்கது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு சொல். இந்நாட்டின் இரப்பர்க் காடுகளில் நம் முன்னோர் பிடித்த உளியும், பால் ஏந்திய மங்கும், தோளில் சுமந்த காண்டா வாளியும் பழைய இரும்புக் கடைக்கு எடை கணக்கில் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குக் கேட்கும் விலை ஏதும் இல்லை. கொடுத்த விலையோ மூன்று தலைமுறைகளின் உழைப்பு. மாணவர்களிடம் சொல்லி, வீட்டுக்கு ஒன்றாயினும் தேடிக் கொண்டுவரச் செய்யுங்கள். பள்ளியின் ஒரு மூலையில் வைத்து, பிடித்தவர் பெயரையும் அவர் உழைத்த தோட்டத்தின் பெயரையும் அருகே எழுதுங்கள்.