விடுவதற்காகப் பிடிப்பது அறமா?

டிரவுட் மீனுக்குச் செயற்கை ஈ கட்டித் தூண்டில் போடப் பழகுகிறவர் முதலில் கற்பது எறியும் வித்தையை. முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த அந்த ஈக்கு எடையே கிடையாது. எடையுள்ள கயிற்றைத்தான் வீச வேண்டும்; ஈ அதன் பின்னால் போகும். ஒன்பதடிக் கோலும் ஐந்தாம் எண் கயிறும் தொடக்கத்துக்குப் போதும்.

இரண்டாவது பாடம், பிடித்த மீனை விடுவது. முள்ளில் பின்னோக்கி நிற்கும் கூரை நசுக்கிவிட வேண்டும். மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும்; உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். இவ்வளவு பரிவு உள்ளவர் அந்த உயிரை முள்ளால் குத்துவானேன்?

1653-இல் தூண்டிலின் பெருமை பேசி நூல் எழுதிய ஐசக் வால்டன், ஏசு தம் சீடர்களில் சிலரை மீனவர்களிடையே தேர்ந்தார் என்பதை இக்கலைக்குச் சான்றாகக் காட்டினார். ஆனால் கலிலேயா ஏரியில் அவர்கள் வலை வீசியது வயிற்றுப்பாட்டுக்காக. பொழுதுபோக்குக்கு அந்தச் சான்று செல்லாது.

மீனுக்கு வலிக்குமா என்பதே வெகுகாலம் வழக்காக இருந்தது. 2003-இல் லின் ஸ்னெட்டனும் அவருடைய குழுவினரும் வானவில் டிரவுட்டின் உதட்டில் தேனீ நஞ்சையோ அசிட்டிக் அமிலத்தையோ செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் மூன்று மணி நேரம்போல இரையைத் தொடவில்லை. அமிலம் ஏறியவை உதட்டைக் கூழாங்கற்களில் தேய்த்தன. மூளையில் புறணி இல்லாத உயிருக்கு வலியை உணரும் அறிவு இருக்காது என்று ஜேம்ஸ் ரோஸ் போன்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பு சரியென்றே வைத்தாலும், ஐயம் இருக்கும் இடத்தில் அதன் பலன் முள்ளைப் பிடித்திருப்பவருக்கா போக வேண்டும், முள் குத்தும் வாய்க்கா?

சுவிட்சர்லாந்து இதற்குச் சட்டத்திலேயே விடை சொன்னது. விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதை 2008-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு ஆணை தடுக்கிறது. உண்பதற்கென்றால் பிடிக்கலாம்.

அமெரிக்க வழி இதற்கு நேர் எதிர். நல்ல மீனை ஒரே முறை பிடிப்பது வீண் என்று அந்நாட்டுத் தூண்டில்காரர் லீ வுல்ஃப் 1939-இல் எழுதினார். யெல்லோஸ்டோன் ஆற்றில் 1981-இல் செய்த ஆய்வில், ஒரு கட்த்ரோட் டிரவுட் அந்தப் பருவத்தில் சராசரியாக ஒன்பது தடவைக்கு மேல் பிடிபட்டதாகத் தெரிந்தது. அவற்றில் இறந்தவை மிகக் குறைவு. மீன்வளத்தின் கணக்கில் அது வெற்றிதான். அந்த ஒரு மீனின் கணக்கில் ஒன்பது போராட்டம், ஒன்பது மூச்சுத்திணறல்.

ஆனாலும் தூண்டில்காரர்களைக் குற்றக் கூண்டில் நிறுத்திவிட்டு நகர முடியாது. மிச்சிகனின் ஓ ஸேபிள் ஆற்றங்கரையில் 1959-இல் அவர்கள் தொடங்கிய ‘டிரவுட் அன்லிமிடெட்’ அமைப்பு குளிர்ந்த நீரோடைகளைக் காக்க இன்றும் உழைக்கிறது. அந்த அக்கறையை வளர்த்ததே இந்த ஆட்டம்தான். அக்கறை பெரிது, ஆனால் அது ஆற்றுக்குச் செய்யும் நன்மை, குத்துப்பட்ட மீனுக்கு ஈடாகாது. பசிக்கு ஒன்றிரண்டைப் பிடித்து, உடனே கொன்று, உண்டு, கோலை மடக்கிவிடுவதே இரண்டில் நேர்மையான வழி.

மூன்றாவது வழியும் உண்டு. சிலர் முள்ளின் வளைவையே நறுக்கிவிட்டு ஈயை மிதக்கவிடுகிறார்கள். டிரவுட் மேலெழுந்து கவ்வும், கயிறு ஒரு கணம் துடிக்கும், மீன் தானே துப்பிவிட்டுப் போகும். பூச்சியை அறிந்து, நீரோட்டத்தைப் படித்து, மீனை நம்பவைக்கும் வித்தை முழுவதும் அதில் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர் ஒரு பருவமாவது அப்படி வீசிப் பார்க்கலாம்.