கடிகாரத்தை மாற்றிக் கொடுங்கள்

ஒருவர் ஓராண்டுச் சந்தாவை 2024 பிப்ரவரி 29 அன்று தொடங்குகிறார். அது என்றைக்கு முடியும்? ஜாவாவின் லோக்கல்டேட்டில் ஓராண்டைக் கூட்டினால் 2025 பிப்ரவரி 28 என்று வரும். நம் நிறுவனத்தின் விதியும் அதுதானா என்பதை ஒரு யூனிட் டெஸ்ட் சொல்ல வேண்டும். ஆனால் சந்தா கிளாஸ் தனக்குள்ளேயே கணினியிடம் இன்றைய தேதியைக் கேட்டுக்கொண்டால், அந்த டெஸ்டை ஓட்டிப் பார்க்க 2028 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தேதி சொல்லும் பொருளை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் எழுதிய கட்டுரையால் பரவலான டிபென்டென்சி இன்ஜெக்ஷன் என்ற பெயர் இதைத்தான் குறிக்கிறது. 2014-இல் வந்த ஜாவா 8-இல் கிளாக் என்ற கிளாஸ் இருக்கிறது. நிஜ ஓட்டத்தில் கணினியின் கிளாக்கைக் கன்ஸ்ட்ரக்டர் வழியே கொடுக்கிறோம். டெஸ்டில், பிப்ரவரி 29-லேயே நின்றுபோன ஒரு கிளாக்கைக் கொடுக்கிறோம். சந்தா கிளாஸில் ஒரு வரியும் மாறுவதில்லை.

இதுவரை ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்ஜெக்ஷன் என்றாலே பொருள்களை உருவாக்கி இணைத்துத் தரும் ஸ்பிரிங் கன்டெய்னர் வேண்டும் என்று நினைத்து, ஒரு கிளாஸைச் சோதிக்க முழு அப்ளிகேஷனையும் எழுப்புகிறவர்கள் ஏராளம். வீண் வேலை. பிரைவேட் ஃபீல்டில் ஆட்டோவயர்டு என்ற அனோட்டேஷனைப் போட்டுவைத்தால்தான் இந்த நெருக்கடி வருகிறது. வெளியிலிருந்து எதையும் உள்ளே கொடுக்க அங்கே வாசல் இல்லை.

கன்ட்ரோலர், பாதுகாப்பு, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து இயங்குவதைப் பார்க்கும்போது கன்டெய்னர் தேவைதான். அங்கே ஒரு பீனை, அதாவது கன்டெய்னர் நிர்வகிக்கும் பொருளை, மாற்ற முன்பு மாக்பீன் என்ற அனோட்டேஷன் இருந்தது. ஸ்பிரிங் பூட் 3.4 அதைக் கைவிடப்போவதாக அறிவித்து மாக்கிட்டோபீனைப் பரிந்துரைக்கிறது. இப்படி பீனை மாற்றுவதற்கு ஒரு விலை உண்டு. ஸ்பிரிங் ஒருமுறை எழுப்பிய கன்டெய்னரை, அதாவது கான்டெக்ஸ்டை, சேமித்து அடுத்த டெஸ்டுக்கும் தருகிறது. ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸும் வெவ்வேறு பீன்களை மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் புதிய கான்டெக்ஸ்ட் எழ வேண்டும். பில்டு மெதுவாகிறது என்று புலம்பும் குழுக்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மாற்றும் பீன்களை ஒரு பொது அடிப்படை கிளாஸில் வைத்தால் எல்லா டெஸ்டுகளும் ஒரே கான்டெக்ஸ்டைப் பகிரும்.

ஸ்பிரிங் 4.3 முதல், ஒரே கன்ஸ்ட்ரக்டர் உள்ள கிளாஸுக்கு ஆட்டோவயர்டு எழுதவே தேவையில்லை. உங்கள் ஃபீல்டு இன்ஜெக்ஷன்களைக் கன்ஸ்ட்ரக்டருக்கு நகர்த்துவதிலிருந்து தொடங்குங்கள்.