தராசில் ஏறிய பிள்ளைகள்

ஏழைப் பிள்ளையும் விடுமுறையில் கடலைப் பார்க்கவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இராது. அச்செலவை யார் ஏற்பது என்றதும் வேறுபாடு தொடங்குகிறது. எவ்வாறு ஏற்பது என்ற கேள்வியோ பெரும்பாலும் எழுவதே இல்லை. ஆனால் அறத்தின் முடிச்சு இந்தக் கடைசிக் கேள்வியிலேதான் விழுந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

1876ஆம் ஆண்டில் சூரிச் நகரத்துப் பாதிரியார் பியோன், வறிய குடும்பங்களைச் சேர்ந்த 68 பிள்ளைகளை அப்பென்செல் மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றார். பிள்ளைகளுக்கான விடுமுறை முகாமின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதே வழக்கம். 1883இல் பாரிஸிலும் பாடசாலைப் பிள்ளைகளுக்காக அத்தகைய முகாம் ஏற்பட்டது. நெரிசலான வீடுகளும் காசநோயும் மலிந்திருந்த காலம் அது. அந்த நல்லெண்ணத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் அங்கு நடந்த சிறு காரியமொன்று மனத்தை உறுத்துகிறது. புறப்படுமுன் பிள்ளைகளை நிறுத்து எடை பார்த்தார்கள். திரும்பி வந்ததும் மறுபடி பார்த்தார்கள். கூடிய எடை அறிக்கையில் ஏறிற்று. வைத்தியருக்கு அது ஒரு குறிப்பு. பணம் கொடுத்தவருக்கோ, தம் காசு வீண்போகவில்லை என்பதற்குச் சான்று. உண்ட உணவுக்குத் தன் உடம்பையே பற்றுச்சீட்டாகக் காட்டவேண்டியிருந்தது அந்தப் பிள்ளை. செல்வர் வீட்டுப் பிள்ளை கடற்கரைக்குப் போய்வந்தால் அதனை எவரும் தராசில் ஏற்றுவதில்லை.

பெற்றவர் நன்றி காட்டுவதில் தவறென்ன என்று கேட்கப்படலாம். ஒத்த நிலையில் உள்ளவரிடையே நன்றி அழகானது. ஆனால் பத்து வயதுப் பிள்ளை எதையும் கேட்கவில்லை. தகப்பனின் கூலி குறைவாயிருப்பதற்கும் அது பொறுப்பன்று. கூலியில் பிடித்துவைத்ததன் ஒரு துளியையே நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றிக் கடிதமும் எதிர்பார்க்கும் முதலாளி இருப்பாராயின், அங்கே கடன்பட்டவர் யார்?

இதற்கு வேறொரு விடையைத் தேடியவர்களும் பிரான்சிலேயே இருந்தனர். பாரிஸின் தென்கிழக்கே, தொழிற்சாலைகள் சூழ்ந்த இவ்ரி என்னும் நகரில் 1925இல் கம்யூனிஸ்டான ஜோர்ஜ் மரான் நகரபிதாவானார். அந்நகரசபை மேற்குக் கடற்கரையில் லே மாத் என்னுமிடத்தில் தன் பிள்ளைகளுக்கென முகாம் நடத்தியது. இங்கே பணம் எந்தச் சீமானின் பையிலிருந்தும் வரவில்லை என்பதல்ல முக்கியம். தாமே வாக்களித்து அமைத்த சபையிடமிருந்து பெறும்போது தொழிலாளி தலை குனியவேண்டியதில்லை. 1945 முதல் இலவசக் கல்வியைப் பெற்றுவரும் எமக்கு இது புரியாத பொருளன்று. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் எந்த மாணவனும் தான் ஒருவருடைய தயவில் அமர்ந்திருப்பதாக எண்ணுவதில்லை.

அதே 1945இல் பிரான்சில் தொழிலகக் குழுக்கள் சட்டப்படி அமைந்தன. பல குழுக்கள் முகாம்களை நடத்தின. 1946இல் மின்சாரமும் எரிவாயுவும் தேசியமயமானபோது, விற்பனை வருமானத்தில் 1 சதவீதம் அத்துறைத் தொழிலாளரின் சமூகப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளின் முகாம்களும் அதிலிருந்தே நடந்தன. விளக்கேற்றிய ஒவ்வொரு வீடும் அறியாமலே ஒரு பிள்ளையைக் கடலுக்கு அனுப்பியது. (2017இல் அந்தக் கணக்கு முறை மாற்றப்பட்டது.)

ஆயினும், அந்த ஒவ்வொரு வீட்டிலும் விவசாயக் கூலியின் வீடும் அடங்கும் என்பதை நாம் மறைக்கலாகாது. அவனும் மின்கட்டணம் செலுத்தினான். அவனுடைய பிள்ளைக்கு அம்முகாமில் இடமில்லை. தோழமைக்கும் மதில் எழும்ப முடியும்.

பல நகரசபைகள் கையாளும் இன்னொரு முறை எமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. குடும்பத்தின் வருமானத்தை அதன் உறுப்பினர் கணக்கால் வகுத்து, அதற்கேற்பக் கட்டணம் விதிக்கிறார்கள். கணக்கு அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. முகாமில் ஒரே கட்டில், ஒரே சாப்பாடு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தெரியாது. எல்லோரும் ஏதோவொன்று கொடுப்பதால் எவரும் வெறுமனே பெறுபவரல்லர். தானத்தைவிட இது உயர்ந்தது என்று சொல்ல நாம் தயங்கவில்லை. ஆனால் வரம்புக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பம், செல்வரும் அன்று வறியவரும் அன்று என்னும் நிலையில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறது.

2024இல் பிரெஞ்சு அரசு 11 வயதுப் பிள்ளைகளுக்கென ஓர் உதவியைத் தொடங்கியது: குடும்ப வருமானத்தைப் பொறுத்து 200 முதல் 350 யூரோ வரை, ஒரு முகாமுக்கு மட்டும். அந்த ஒருமுறையில் நீந்தக் கற்று, தோழனொருவனையும் தேடிக்கொண்ட பிள்ளை, 12ஆம் வயதிலும் அங்கே போகவேண்டும் என்று கேட்டால், வருமானச் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் தாய் அடுத்து எந்த மேசையின் முன் போய் நிற்பாள்?