நாவிதருக்கு யார் சவரம் செய்வது?

கண் பரிசோதனைக்காக அப்பா சுங்கை பட்டாணியிலிருந்து வந்து, பாயான் பாருவில் இருக்கும் என் வாடகை வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தார். முதல் நாள் மாலை குளித்துவிட்டு வெளியே வந்தவர் கையில் என் பிரஷ் இருந்தது.

"இது என்னா?"

"ஷேவ் பண்ற பிரஷ்பா."

"அது தெரியுது. படிகாரம்கூட வச்சிருக்க."

மறுபடி உள்ளே போய், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார். இரவு தோசை சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "கத்தியும் வச்சிருக்கியா?"

"இல்லப்பா. பிளேடு மாட்டுற ரேஸர்தான்."

"சரி."

அந்தச் 'சரி' எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அதற்கு வருவதற்கு முன், ஷேவிங் எப்படி எனக்குப் பொழுதுபோக்கு ஆனது என்று சொல்லிவிடுகிறேன். பல் துலக்குவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள முடியுமா என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

எனக்குச் சுருட்டை முடி. ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் போட்டு இழுத்தால், மூன்றாம் நாள் கழுத்தெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பிவிடும். முன்னால் போகும் பிளேடு முடியை லேசாக இழுக்கும். பின்னால் வருவது அதைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டும். வெட்டுப்பட்ட முடி உள்ளுக்குள்ளேயே சுருண்டு தோலைக் குத்தும். போதாததற்கு விலை வேறு. பேரங்காடியில் அந்தக் கார்ட்ரிட்ஜ்களைத் திருட்டுப் போகாமல் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். ஒன்று பன்னிரண்டு வெள்ளி. என்னோடு வேலை செய்யும் ஒரு சீன நண்பர் தன் பழைய ரேஸரைக் கொடுத்து, "இத முயற்சி பண்ணு" என்றார். உலோகப் பிடி, திருகித் திறக்கும் தலை, உள்ளே இருபக்கமும் கூரான ஒற்றை பிளேடு. தாத்தாக்கள் காலத்துச் சாமான்.

முதல் நாள் தாடைக்குக் கீழே நான்கு வெட்டு. காரணம் பழக்கம். கார்ட்ரிட்ஜ் அழுத்தத்தை மன்னிக்கும், இது மன்னிக்காது. பிடியின் நுனியை விரலால் தாங்கி, ரேஸரின் எடையை மட்டும் முகத்தில் இறங்க விட வேண்டும். கோணம் ஏறக்குறைய 30 டிகிரி. ஷேவ் செய்வது குளித்த பிறகுதான், ஏனென்றால் ஊறிய முடி தண்ணீர் குடித்து இளகியிருக்கும். பிரஷ்ஷை நனைத்துச் சோப்பில் சுழற்றி, துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்துக் கடைந்த தயிர் பதத்துக்கு நுரையைக் கொண்டுவர எனக்கு மூன்று வாரம் பிடித்தது. தண்ணீர் குறைந்தால் பிளேடு இழுக்கும், கூடினால் நுரை வழிந்துவிடும். பிறகு முடி எந்தத் திசையில் படிந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். என் கழுத்தின் இடதுபக்கம் முடி பக்கவாட்டில் வளர்கிறது. இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கழுத்தைச் சுமக்கிறேன், இது தெரியாது. முதல் தடவை முடி படிந்த திசையில். மறுபடி நுரை பூசி, குறுக்கே. எதிர்த்திசையில் இழுக்க என் தோல் இன்னும் சம்மதிக்கவில்லை. கடைசியில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் படிகாரம். எங்கே அழுத்தினேன் என்பதை எரிச்சலே காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் என்ன சுகம் என்றால், கால் மணி நேரம் வேறு எதையும் நினைக்க முடியாது. நினைத்தால் ரத்தம் வரும். நாள் முழுக்க ஆலையில் பழுதான சில்லுகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, ஏன் பழுதாச்சு என்று அறிக்கை எழுதுகிறவன் நான். அந்தக் கால் மணி நேரம் யாருக்கும் அறிக்கை வேண்டாம். ஆனாலும் தொழில் புத்தி போகுமா? முடி எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு மழுங்குகிறதே, எப்படி? 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விடை சொன்னார்கள். அவர்களில் ஒருவர் தானே ஷேவ் செய்து, பிளேடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார். கூர்முனை தேய்ந்து மட்டும் போவதில்லை, சிறுசிறு சில்லாகப் பெயர்கிறது. முடி வளைந்து கொடுத்து, எஃகின் உள்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில் பக்கவாட்டில் அழுத்தும்போது அந்த விளிம்பு உடைகிறது. அன்று இரவு அதை இரண்டு முறை படித்தேன்.

செலவுக் கணக்கையும் மறைக்கக் கூடாது. நூறு பிளேடு ஐம்பது வெள்ளி. வருஷத்துக்கு நாற்பது போதும். கார்ட்ரிட்ஜோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு 268 வெள்ளி மிச்சம் என்று எக்செல்லில் போட்டு வைத்திருந்தேன். பதினான்கு மாதத்தில் ரேஸர் மூன்று, பிரஷ் இரண்டு, சோப்பு ஆறு என்று 1,340 வெள்ளி செலவழித்திருக்கிறேன். இனி எதையும் வாங்காமல் இருந்தால் ஐந்து வருஷத்தில் சமன் ஆகும். ஏழாவது சோப்பு நேற்று வந்தது.

இந்த ரேஸரை உலகத்துக்குக் கொடுத்த கிங் கேம்ப் ஜில்லெட்டின் கதையிலும் இப்படி ஒரு முரண் உண்டு. போட்டி முதலாளித்துவம்தான் எல்லாக் கேட்டுக்கும் வேர், தொழில்கள் அனைத்தும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனமாக வேண்டும் என்று 1894இல் புத்தகம் எழுதியவர் அவர். அதே மனிதர்தான், பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருளைக் கண்டுபிடி என்று பாட்டில் மூடி கண்டுபிடித்த தன் முதலாளி சொன்னதைப் பிடித்துக்கொண்டார். 1903இல் விற்றது 51 ரேஸர். அடுத்த ஆண்டு தொண்ணூறாயிரத்துக்கும் மேல். தீர்ந்த பிளேடைப் போட, பழைய அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியின் முதுகில் ஒரு கீறல் இருக்குமாம். பிளேடு அதன் வழியாகச் சுவருக்குள் விழும். அவ்வளவுதான், சுவருக்குள்ளேயே கிடக்கும். நான் மைலோ டின்னில் கீறல் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சுவர் இருந்தது. தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார் என்று எனக்குத் தெரியும். பால்மரம் வெட்டினார் என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது அப்படித்தான் எழுதினேன், அப்பாவும் கையெழுத்துப் போட்டார். அப்பா வந்துபோன மறுவாரம், கேட்டால் பதில் வராது என்று தெரிந்தும், போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு சொன்னார்.

"மரமும் வெட்டுனாரு. மத்தியானத்துக்கு மேல முடி வெட்டுனாரு. ஞாயித்துக்கிழம லயம் லயமா போவாரு. அடப்பத்த நாந்தான் தூக்கிக்கிட்டுப் போவேன்."

அடப்பம் என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். சவரச் சாமான் வைக்கும் பை. உள்ளே இரண்டு கத்தி, சாணைக்கல், தீட்டுகிற தோல்வார், கிண்ணம், படிகாரம். என் குளியலறையில் அப்பா பார்த்தது அந்தப் பையைத்தான். தோட்டத்தில் தாத்தாவுக்குப் பெயர் கிடையாது, தொழில்தான் பெயர். அந்தத் தொழிலையும் பெயராகச் சொல்லாமல் வசவாகச் சொல்வார்கள். தமிழ்ப்பள்ளியில் அப்பாவையும் அதே சொல்லால் கூப்பிட்டிருக்கிறார்கள். தோட்டத்தைவிட்டு வெளியேறி, பட்டணத்தில் வேலை தேடிக்கொண்ட பிறகு அந்தப் பழைய சிநேகிதர்கள் ஒருவரையும் அவர் வீட்டுக்கு அழைத்ததில்லை.

"சீனன் கடையில ஜில்லெட் வித்தான் பாரு, அதுக்கப்புறம்தான் எங்கப்பாவுக்கு ஞாயித்துக்கிழமையே கெடச்சுச்சு" என்றார். என் ரேஸரைப் பார்த்து அவர் சொன்ன 'சரி'க்கு அதுதான் அர்த்தம்.

பல்கலைக்கழகத்தில் கணிதப் பாடத்தில் ரஸ்ஸலின் நாவிதர் புதிர் வரும். ஓர் ஊரில், தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளாத எல்லாருக்கும், அவர்களுக்கு மட்டுமே, சவரம் செய்யும் ஒரு நாவிதர். அவருக்கு யார் சவரம் செய்வது? செய்துகொள்கிறார் என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. 1918 விரிவுரைகளில் ரஸ்ஸல் இதைச் சொல்கிறார், தனக்கு வேறொருவர் சொன்னது என்ற குறிப்போடு. நாங்கள் சிரித்துக்கொண்டே விடை எழுதினோம்: அப்படி ஒரு நாவிதர் இருக்க முடியாது.

அந்தப் புதிரை இப்போது யோசித்தால் வேறொன்று இடிக்கிறது. ரஸ்ஸலின் ஊரில் இரண்டே வகை மனிதர்கள். தானே செய்துகொள்கிறவர், நாவிதரிடம் போகிறவர். நம் ஊர்களில் மூன்றாவது வகை உண்டு. நாவிதர் தொடக் கூடாது என்று மற்றவர்கள் விதித்தவர்கள். தலித்துகளுக்கு முடிவெட்ட மாட்டோம் என்று சொல்லும் கடைகளைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்து இன்றும் செய்தி வருகிறது. அப்படியானால் என் தாத்தா? இதை அப்பாவிடம் கேட்க இன்னும் இரண்டு வாரம் ஆனது.

"எல்லாருக்கும் வெட்டுவாரா?"

"வெட்டுவாரு." பிறகு, "கடைசி லயத்துக்குப் போக மாட்டாரு. அவங்களுக்கு அவங்கள்லயே ஒருத்தர் இருந்தாரு. அப்பா போனா மத்தவங்க இவர்ட்ட வர மாட்டாங்க."

"அவருக்கு யார் ஷேவ் பண்ணுவா?"

"யாரு பண்ணுவா? அவரேதான். கண்ணாடிகூட பாக்க மாட்டாரு."

இதைக் கேட்ட பிறகு தாத்தாவைப் பற்றி நிம்மதியாக ஒரு கதை சொல்ல என்னால் முடியவில்லை. அவர் அவமதிக்கப்பட்டவர், அது உண்மை. கடைசி லயத்தைத் தாண்டிப் போனவரும் அவர்தான். பயத்தில் செய்தார் என்று நான் சொல்லலாம். அந்த லயத்தில் இருந்தவரின் பேரன் அதை ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

என் கேள்வி என்னைப் பற்றியது. ஒரே சாமான், ஒரே கோணம், அதே படிகாரம். அவருக்கு அது சாதி, எனக்குப் பொழுதுபோக்கு. வித்தியாசம் எங்கே? சட்டென்று தோன்றும் பதில், நான் விரும்பினால் நாளைக்கே விட்டுவிடலாம், அவரால் முடியாது. சரியான பதில்தான், ஆனால் அதில் அவர் வெறும் கைதியாகிவிடுகிறார். சாயங்காலம் தேவைக்கு மேலேயே ரொம்ப நேரம் கத்தி தீட்டுவார் என்று அப்பா சொன்னார், எரிச்சலோடுதான் சொன்னார். நுரை பதத்துக்கு வரும் நொடியில் எனக்கு வரும் சந்தோஷம் அவருக்கு வந்திருக்கவே முடியாது என்று நான் முடிவுகட்டினால், அதுவும் அவரை இழிவுபடுத்துவதுதான். கலை எங்களுடையது, பெருமையாகச் சொல்வோம் என்று மார்தட்டுவதும் எனக்கு ஒட்டவில்லை. அந்தச் சொல்லால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அடி வாங்கியது அப்பா, பெருமை மட்டும் எனக்கா?

பட்டர்வொர்த்தில் நான் முடிவெட்டப் போகும் கடையில் திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். உள்ளூர் இளைஞர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை என்று கடைக்காரர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். முடிதிருத்தும் கடை, நகைக்கடை, ஜவுளிக்கடை ஆகியவற்றுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டு, மீண்டும் அனுமதிப்பதாக 2023இல்தான் அறிவிப்பு வந்தது. ஏன் வருவதில்லை என்பதற்குச் சம்பளத்தைக் காரணமாகச் சொல்வார்கள். என் அப்பா போன்றவர்களும் ஒரு காரணம். அந்தப் பையன் பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, நான் பதினைந்து நிமிடம் எடுக்கும் கழுத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறான். போன மாதம் சாதாரணமாகக் கேட்டான்: "அண்ணே, உங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊரு?"

மாவட்டத்தைச் சொன்னேன். "தாத்தா என்ன பண்ணாரு?" என்றான்.

"ரப்பர் தோட்டம்" என்றேன்.

பொய் இல்லை. கழுத்தில் பிளேடு இருந்தது, பேச முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தச் சோப்பு நன்றாக நுரைக்கும் என்று சக ஊழியர்களிடம் அரைமணி நேரம் பேசுகிறவன், இதைச் சொல்ல உரிமையுள்ள ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

கண் அறுவைக்காக அப்பா மறுபடி வந்தார். அறுவைக்கு முதல் நாள் காலை நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தோல இழுத்துப் பிடிக்காம என்னா பண்ற? அதான் வெட்டுது."

காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்து மேலே இழுத்துக் காட்டினார், தன் முகத்தில். நான் அப்படியே செய்தேன். ரேஸர் சத்தம் மாறியது. முடித்துப் படிகாரத்தை எடுத்தபோது கையை நீட்டி வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரமெல்லாம் கரைந்து வழுவழுவென்று ஆகியிருந்தது.

"ஈரத்துலயே வைக்காத, கரைஞ்சிரும்" என்று சொல்லி, தன் துண்டால் துடைத்து, ஜன்னல் விளிம்பில் வைத்தார்.