சலிப்பு வந்தால் அன்பு போய்விட்டதா?



சென்ற தபசு காலத்தில் ஒருநாள் மாலை, சிலுவைப்பாதை முடிந்து சனங்கள் கலைந்தபின், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் அறைவீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். (பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் வரவில்லை, வந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். அவரும் அவர் மனைவியும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.) மனைவிக்கு நாக்கில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, "கரண்டு வைப்பது" என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை நான்காம் வாரமாக நடந்துகொண்டிருந்தது.

"சுவாமி, இன்று கஞ்சித் தம்ளரைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டேன். அவளைப் பார்த்தாலே சலிப்பாயிருக்கிறது. பீடத்தின் முன் கொடுத்த வாக்கை மீறிவிட்டேனா?" என்றார்.

"சிலுவையைப் பொறுமையாய்ச் சுமந்துகொள்ளும்" என்று சட்டென்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. அவர் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது மற்றொன்று. மறுநாள் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே கண்டதைச் சொல்லவேண்டும். வெந்நீரில் இளக்கி முகத்தின் அளவுக்கே வார்த்த பிளாஸ்டிக் முகமூடி ஒன்றை நோயாளிக்கு மாட்டி, தலை அசையாதபடி மேசையோடு பூட்டுகிறார்கள். பிறகு எல்லோரும் வெளியேறக் கனத்த கதவு சாத்தப்படுகிறது. கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்; அப்போது வலி தெரியாது. ஆனால் கணவன் உள்ளே போகக்கூடாது. வாரத்தில் 5 நாள், ஆறேழு வாரம், இந்தக் கதவுக்கு வெளியே உட்காருவதே அவர் வேலை. இரண்டு மூன்று வாரம் கழிந்தபின்தான் துன்பம் தலைகாட்டுகிறது: வாய் வெந்து புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், நாக்கில் ருசி அற்றுப்போகும், உடம்பு அசந்துவிடும். இவர் அடுப்படி அறியாத மனிதர். மிளகாய் சேர்க்காமல் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். அவளுக்கோ அது மண்ணாயிருந்தது. "வேண்டாம்" என்று கையால் தள்ளினாள். தம்ளர் பறந்தது.

இனி அவர் கேள்விக்கு வருவோம். ஒருவரை நேசிப்பது என்றால் அவருக்கு நன்மையை விரும்புவது என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். விரும்புவது சித்தத்தின் செயல். சலிப்போ அழையாமல் வருகிறது, காய்ச்சலைப் போல. மறுநாள் காலை 5 மணிக்கு எழுந்து மறுபடி கஞ்சி காய்ச்சியவர் வாக்கை மீறியவரல்ல. ஆனால் தம்ளரை எறிந்தது அழையாமல் வந்ததல்ல. அது அவர் கை செய்தது. அதற்கு மனைவியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், கேட்டார். இவ்விரண்டையும் ஒன்றாய்க் குழப்பிக்கொண்டதால்தான் அவருக்கு அத்தனை மனவேதனை.

தொபியாஸ் ஆகமத்தைத் திறந்து பாருங்கள். கண்ணிழந்த முதியவருக்காக மனைவி அன்னம்மாள் கூலிக்கு நெசவு வேலை செய்கிறாள். கூலியோடு வந்த ஆட்டுக்குட்டியைத் திருட்டோ என்று அவர் சந்தேகிக்க, அவள் சுடச்சுடப் பதில் சொல்கிறாள். பரிசுத்த வேதாகமம் அந்தச் சண்டையை மறைக்கவில்லை. தியானங்களில் நாம்தான் அந்தப் பக்கத்தை அவசரமாய்ப் புரட்டிவிடுகிறோம்.

மற்றொரு பிசகும் அவரிடம் இருந்தது. கொழுந்தியாள் வந்து உதவுகிறேன் என்றதற்கு, "வாக்குக் கொடுத்தவன் நான், நானே பார்ப்பேன்" என்று மறுத்துவிட்டார். கேட்க அழகாய்த்தானிருக்கிறது! ஆனால் அந்த வாக்கைச் சாட்சிகள் முன்பாக, இந்தக் கோவில் நிறைந்த சனங்கள் முன்பாக அல்லவா கொடுத்தார்? கலியாண விருந்து சாப்பிட்ட நமக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தப் பங்கை நாம் எப்படிச் செலுத்தினோம்? அவர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பலர் பயந்தார்கள். புற்றுநோய் தொற்றுவியாதி அல்ல. வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதும் இல்லை. அவள் மடியில் குழந்தை உட்காரலாம். (உடம்புக்குள் கதிர்மருந்து வைத்தால் மட்டும் டாக்டர் தனியே எச்சரிப்பார்.) வேறு சிலர் வந்தார்கள், வந்து, "கரண்டு உடம்பை எரித்துவிடும், நிறுத்திவிடு" என்று உபதேசித்துப் போனார்கள். நடுவில் நாள் விட்டால் நோய் மறுபடி தலையெடுக்க இடம் கிடைக்கும். இப்படிப்பட்ட உபதேசத்தைவிட வராமலிருந்தது மேல்.

பிறகு மாதா சபைப் பெண்கள் மூவர் முறைவைத்துத் துணைக்குப் போனார்கள். அந்த நாட்களில் அவர் தம் தையல் கடையைத் திறந்தார். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கினார். சலிப்பு முழுதும் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லை சுவாமி, ஆனால் இப்போது அதைக் கண்டு பயமில்லை" என்றார்.

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. போன ஞாயிறு பூசைக்குப்பின் இருவரும் வந்தார்கள். அந்த அம்மாளின் பேச்சு இன்னும் குழறுகிறது, கையில் தண்ணீர்ப் பாட்டில். அவர்தான் சிரித்துக்கொண்டு சொன்னார்: "சுவாமி, நேற்று என் கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று குறை சொன்னாள்."