நன்னோக்கும் நல்விளைவும்: குறைமாதக் குழந்தையின் உணவை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பசித்த உயிருக்கு உணவளித்தல் அறங்களுள் தலையாயது என்பதில் கருத்து வேறுபாடு கொள்வோர் அரியர். ஆனால், அளிக்கப்படும் உணவே உண்ணும் உடலுக்கு ஊறு விளைவிக்குமாயின், அவ்வூறு அளிப்பவரின் கண்ணுக்குப் புலப்படாததுமாயின், அச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? செய்தவரின் நோக்கம் தூயது எனக் கூறி அமைதி காண்பதா? அன்றி, விளைவு தீயது எனக் கூறி அவரைக் குற்றவாளியாக்குவதா? குறைமாதக் குழந்தைகளின் மருத்துவ வரலாறு இவ்வினாவை ஒரு முறைக்கு மேல் எழுப்பியுள்ளது.

மிக முன்னதாகப் பிறந்த குழந்தையின் குடல் வேண்டிய அளவு பாலை ஏற்கும் பக்குவத்தை அடைந்திருப்பதில்லை. 1960களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் ஸ்ரான்லி டட்றிக்கும் அவர்தம் குழுவினரும், குளுக்கோசு, புரதக் கூறுகள், உப்புகள், உயிர்ச்சத்துகள் முதலியவற்றை நாளத்தினூடாகச் செலுத்தி, குடலால் உணவேற்க இயலாத ஒரு சிசுவை வளர்த்துக் காட்டினர். பட்டினியால் இறந்திருக்கக்கூடிய எண்ணற்ற குழந்தைகள் இம்முறையாற் பிழைத்தனர். இதன் பெருமையை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆயினும், அவ்வுணவிலேயே ஓர் இடர் மறைந்திருந்தது. ஊட்டக் கரைசலிற் சேரும் இரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்து ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. அறையொளி படும்போது அது கரைசலில் உள்ள ஒட்சிசனைத் தாக்கமுறச் செய்து, ஐதரசன் பேரொட்சைட்டைத் தோற்றுவிக்கின்றது. கொழுப்புப் பால்மமும் இவ்வாறே ஒட்சியேற்றம் அடைகின்றது. முதிர்ந்த உடல் இப்பொருள்களைக் குளுத்தாதயோன் முதலியவற்றின் துணையால் அடக்கிவிடும். குறைமாதக் குழந்தையிடமோ இக்காப்பு மிகக் குன்றியுள்ளது. 1990களில் மொன்றியல் நகர ஆய்வாளர்கள் இதனை விரிவாக ஆராய்ந்தனர். 2017 இல் நான்கு பரிசோதனைகளைச் சேர்ந்த 800 குழந்தைகளின் தரவுகளை ஒருங்கே நோக்கியபோது, ஒளி படாது மறைத்த கரைசலைப் பெற்றோரிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் காணப்பட்டது. 2019 இல் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம், இரண்டு வயதிற்குட்பட்டோருக்குரிய கரைசற் பைகளையும் குழாய்களையும் ஒளியிலிருந்து மறைக்குமாறு பரிந்துரைத்தது. ஓர் உறை செய்யக்கூடிய வேலைக்கு அரை நூற்றாண்டு சென்றது!

இதற்கு முன்னரும் இத்தகைய அனுபவம் ஒன்று நிகழ்ந்தது. மூச்சுத் திணறும் குழந்தைக்குத் தாராளமாக ஒட்சிசன் வழங்குவது 1940களில் இயல்பான கருணையாகக் கருதப்பட்டது. 1942 இல் பொஸ்டன் நகரில் தியோடர் டெரி, குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் புதியதொரு குருட்டு நோயை விவரித்தார். ஒட்சிசனே காரணமாகலாம் என 1951 இல் மெல்போணில் கேற் கம்பெல் சுட்டிக்காட்டினார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் நடத்திய ஆய்வில், குறைந்த ஒட்சிசன் பெறவேண்டிய குழந்தைகளுக்குத் தாதியர் சிலர் இரவில் எவரும் அறியாது ஒட்சிசனைத் திறந்துவிட்டனர். அவர்களைத் தூண்டியது இரக்கமேயன்றி வேறன்று. 1953 இல் ஐக்கிய அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் இணைந்து தொடங்கிய பரிசோதனை ஐயத்தைத் தீர்த்தது.

ஆனால், அப்பரிசோதனை பிறந்து 48 மணித்தியாலம் கடந்த குழந்தைகளையே சேர்த்துக்கொண்டது. முதலிரு நாட்களில் நேரும் இறப்புகள் அதன் கணக்கில் வரவில்லை. இதனை மறந்து, பிறந்த கணம் முதலே ஒட்சிசன் குறைக்கப்பட்டது. காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 உயிர்கள் விலையாயின என 1973 இல் கெனத் குரொஸ் மதிப்பிட்டார். தவற்றைத் திருத்தும் நன்னோக்கும் சோதிக்கப்படாதவிடத்துத் தவறாகலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

குழந்தைகளை எழுமாறாகப் பிரித்து, ஒரு சாராருக்கு ஒன்றும் மறு சாராருக்கு வேறொன்றும் வழங்குவது மனிதாபிமானமாகுமா என வினவுவோர் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. எது நன்மை என உண்மையிலேயே தெரிந்திருப்பின், அதனை ஒரு குழந்தைக்கேனும் மறுத்தல் கொடுமையே. தெரியாதவிடத்தோ, சோதனையின்றி அளிக்கப்படும் சிகிச்சையும் ஒரு பரிசோதனையே. விளைவை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே வேறுபாடு.

நல்விருப்பு ஒன்றே நிபந்தனையின்றி நல்லது என்றும், அதன் பெறுமதி விளைவினாற் கூடுவதோ குறைவதோ இல்லை என்றும் 1785 இல் இம்மானுவேல் காண்ட் வாதித்தார். இவ்வாதத்தை நமது அலட்சியத்திற்கு அரணாகக் கொள்ள இயலாது. ஏனெனில், நல்விருப்பு வெறும் ஆசையன்று, தன் ஆற்றலுக்குட்பட்ட வழிகள் யாவற்றையும் திரட்டும் முயற்சி என்பதும் அவர் கருத்தே. ஆராய்தலும் அவ்வழிகளுள் ஒன்றன்றோ? எனவே, அறியாமைக்காக டட்றிக்கையோ அத்தாதியரையோ பழித்தல் முறையன்று. நோக்கம் நல்லதாகையால் விளைவை ஆராய வேண்டியதில்லை எனக் கொள்ளும் மனநிலையே பழிக்கத்தக்கது. அம்மனநிலையில் நல்விருப்பு முழுமை பெறுவதில்லை.

உதவி பெறுபவர் பேசவியலாதவராயின் இக்கடமை மேலும் வலுப்பெறுகின்றது. வளர்ந்தவர் தமக்கு நேரும் துன்பத்தை எடுத்துரைப்பார். ஒரு கிலோகிராம் நிறையுமற்ற சிசு எதனையும் உரைப்பதில்லை. அதன் சார்பிற் பேச வல்லது அளிப்பவரின் ஐயம் ஒன்றே. கொடுப்பதோடு அறம் நிறைவெய்துவதில்லை. கொடுத்தது என்ன செய்தது எனக் கேட்கும் துணிவும் அறத்தின் பாற்பட்டதே.