கேப்டன் சொன்ன யோபு கதை

எல்லாரும் முன்னால் வாங்க. தூணில் சாய்ந்திருக்கிற ஆம்பளைகளைத்தான் சொல்கிறேன்.

அனுமந்தன்பட்டியில் பங்குப் பேரவைக்கு ஆள் கேட்டால் ஒரே பதில்: "நாங்க வெறும் பொதுநிலையினர்தானே, சாமி." என்ன வெறும்? 1964-ல் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றி எழுதிய ஏட்டில் இறைமக்கள் இரண்டாம் அதிகாரம். ஆயர், குருக்கள் எல்லாம் மூன்றாவதில்தான். இறைமக்கள் என்றால் ஞானஸ்நானம் வாங்கிய எல்லாரும், நானும்தான், பாப்பரசரும்தான். அதில் குருப்பட்டமும் துறவறமும் இல்லாமல், உலக வேலைகளுக்கு நடுவே இருக்கிறவர்கள் பொதுநிலையினர். பங்கு மக்கள் என்பது எல்லைக் கணக்கு. கம்பத்துக்குக் குடிபோனால் அது மாறும், மற்ற இரண்டும் மாறாது.

தேவசகாயத்தை எடுத்துக்குங்க. போன வருஷமும் இதே கதைதான் என்று யாரோ முணுமுணுக்கிறீர்கள். இந்த வருஷமும் அதேதான்! நட்டாலத்துக்காரர், அரண்மனை உத்தியோகம். ஆடுமாடு செத்து, மனசு உடைந்து நின்றார். அவருக்கு யோபு கதையைச் சொன்னது யார்? சாமியாரா? குளச்சல் சண்டையில் பிடிபட்ட டச்சுக் கேப்டன் டிலனாய்! பட்டாளத்துக்காரர். அப்புறம்தான் வடக்கன்குளம், 1745-ல் ஞானஸ்நானம். சாமியார் வந்தது கடைசியில். திரும்பச் சொல்கிறேன், கடைசியில்! பைபிளில் வருகிற பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் யார்? கூடாரத் தொழிலாளிகள். பிரசங்கி அப்பொல்லோவுக்கே பாடம் எடுத்தார்கள்.

சாதி பார்க்காமல் எல்லாரோடும் உட்கார்ந்தார் தேவசகாயம். 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் புனிதர். பீடத்தில் வாசகம் வாசித்ததற்கா பட்டம்?

இங்கே மைக்குக்கு அடிதடி. வாசியுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திராட்சைப் பெட்டியில் மேலே நல்ல குலை, அடியில் உதிர்ந்ததும் அழுகினதுமாக அடுக்குகிறீர்களே? ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற அக்காவுக்குக் கூலியில் பிடிக்கிறீர்களே? அங்கே நான் வரமுடியாது. நீங்கதான் இருக்கிறீர்கள்.

சிஸ்டர் சிரிக்கிறாங்க. "நாங்க எந்தப் பக்கம், சாமி?" என்று மத்தியானமே கேட்டாங்க. 1983 திருச்சபைச் சட்டம் 207-ன்படி குருப்பட்டம் இல்லாதவர்கள் எல்லாம் பொதுநிலையினர், அதனால் நீங்களும் அந்தப் பக்கம். சங்க ஏட்டின்படி துறவறத்தார் தனி. உங்களுக்கு மட்டும் ரெண்டு நாற்காலி!

சரி, உபதேசியார் கடிகாரத்தைக் காட்டுகிறார். பேரவைக்குப் பெயர் தருகிறவர்கள் அவரிடமே கொடுங்க. அவரும் பொதுநிலையினர்தான்.